கிளைவழி: சுவரில் இருக்கும் தேரைக்கு யார் உறவு?

ஐப்பசி மழை பிடித்ததும் வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒரு தேரை வந்து ஒட்டிக்கொள்ளும். வெளிறிய பழுப்பு உடல், விரல் நுனிகளில் சின்னச் சின்ன வட்டுகள், பகல் முழுவதும் அசையாத இருப்பு. அம்மா அதைக் கண்டால் விளக்குமாற்றை எடுத்துவிடுவார். மாலையில் என்னிடம் படிக்க வரும் பிளஸ் டூ மாணவி சென்ற வாரம் அதைப் பார்த்துவிட்டு, "புத்தகத்தில் தேரை என்றால் தரையில் தத்தும் சொறித்தவளை அல்லவா?" என்று கேட்டாள். பிறகு கைப்பேசியில் அமேசான் காட்டு மரத்தவளை ஒன்றின் படத்தைக் காட்டி, "இதுவும் சுவரில் இருப்பதும் ஒரே குடும்பம்தானே?" என்றாள். இரண்டு கேள்விகளும் போய் முட்டுவது ஒரே சொல்லில்தான்: பைலோஜெனி.

சொல்லை உண்டாக்கியவர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர்; ஆண்டு 1866. கிரேக்கத்தில் 'ஃபூலோன்' என்றால் குலம், குடி. பின்பாதி பிறப்பையும் தோற்றத்தையும் குறிக்கும். எந்த உயிர் எந்த மூதாதையிடமிருந்து எப்போது பிரிந்தது, யாருக்கு யார் நெருங்கிய உறவு என்ற வரலாறே பைலோஜெனி. முகச்சாயல் அங்கே சாட்சிக்கு வரலாம். தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதைப் புரிந்துகொள்ள மரத்தவளையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. எங்கள் சுவர்த் தேரையின் அறிவியல் பெயர் பாலிபெடேட்ஸ் மாக்குலேட்டஸ். ஆங்கிலத்தில் இதற்குச் 'சுனம்' தவளை என்றும் பெயர் உண்டு. அந்தச் 'சுனம்' நம் சுண்ணாம்புதான். 1830இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே இதை விவரித்தபோது ஹைலா என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களை ஒன்றாக அடக்கும் பிரிவில், சேர்த்தார். அது ஐரோப்பிய மரத்தவளையின் பேரினம். சேர்த்ததில் வியப்பில்லை. இரண்டுக்கும் விரல் நுனியில் வட்டு உண்டு; விரலின் கடைசி எலும்புக்கும் அதற்கு முந்தியதற்கும் இடையே ஒரு கூடுதல் துண்டும் உண்டு. வட்டு எந்தக் கோணத்திலும் பரப்பில் பதிய அது உதவுகிறது.

ஆனால் உறவு வேறு. அமேசான் மரத்தவளைகளும் ஐரோப்பிய மரத்தவளையும் ஹைலிடே குடும்பம். நம்முடையது ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ராக்கோஃபோரிடே குடும்பம். இந்த இரண்டின் முன்னோர்களும் டைனோசர்கள் உலவிய காலத்திலேயே பிரிந்துவிட்டார்கள். மரமேறும் வாழ்க்கை இரண்டு இடங்களில் தனித்தனியாக ஒரே மாதிரிக் கால்விரலை வடித்திருக்கிறது. காசிமேட்டு மீனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: சுறாவுக்கும் ஓங்கில் என்ற டால்பினுக்கும் உடல் ஒரே வார்ப்பு, ஆனால் மூச்சுவிட மேலே வருவது எது என்று அவர்களுக்குத் தெரியும். பாடநூல் இதைக் குவிபரிணாமம் என்கிறது, நல்ல சொல்.

இன்னொரு வேடிக்கை. சுவரில் இருக்கும் தேரைக்கு நெருங்கிய சொந்தம் அமேசான் மரத்தவளை அல்ல, மழைக்குப் பிறகு காலிமனைக் குட்டையில் கத்தும் பெரிய தவளை. அமேசான் மரத்தவளைக்கு நெருங்கிய சொந்தமோ நம் தெருவிளக்கின் கீழ் பூச்சி பிடிக்கும் சொறித்தவளை. வீட்டில் ஒன்றையும் புத்தகத்தில் மற்றொன்றையும் தேரை என்கிறோமே, அந்த இரண்டும் இரண்டு பெருங்கிளைகளைச் சேர்ந்தவை!

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும் இதே கதை. அங்குள்ள சின்னஞ்சிறு புதர்த்தவளைகளை நெடுங்காலம் ஃபிலாட்டஸ் என்ற பேரினத்தில் அடக்கியிருந்தார்கள். மரபணு ஒப்பீடு வேறு கணக்குச் சொல்லவே, 2010இல் அவற்றில் பலவற்றைப் பிரித்து ராவோர்கெஸ்டெஸ் என்று புதுப் பேரினம் அமைத்தார்கள். பெயரில் உள்ள 'ராவ்', பெங்களூர் விலங்கியலாளர் சி. ஆர். நாராயண ராவ். இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வெளியே வரும். எங்கள் சுவர்த் தேரையோ தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் நுரைக்கூடு கட்டும். தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நீரில் விழும். அம்மாவின் கோபத்துக்குக் காரணம் அதுதான்.

சரி, பைலோஜெனியைத் தமிழில் என்ன சொல்வது? 'தொகுதி வரலாறு' என்று எழுதுபவர்கள் உண்டு. உயிர்களின் பெரும் பிரிவான பைலம் என்பதற்குத் தொகுதி என்று பெயர் வைத்ததால் வந்தது அது. வடசென்னையில் தொகுதி வரலாறு என்றால் ஆர். கே. நகர் இடைத்தேர்தலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். 'இன வரலாறு' மனிதக் கூட்டங்களை நினைவூட்டுகிறது. 'குல வரலாறு' கிரேக்கத்துக்கு மிக நெருக்கம். ஆனால் எங்கள் தெருவில் குலத்தைக் கேட்பது யார், எதற்காகக் கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லை வகுப்பறைக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை. 'கொடிவழி' பழைய, அழகான சொல். ஆனால் அது ஒரு வீட்டின் வாரிசு வரிசையையே சொல்லும். பிரிந்து போனவர்களை விட்டுவிடும்.

என் தேர்வு 'கிளைவழி'. தமிழில் கிளை என்றால் மரத்தின் கிளை. உறவும் கிளைதான், 'கேளும் கிளையும்' என்கிறோமே. உறவையும் பிரிவையும் ஒரே சொல் தாங்குகிறது. பைலோஜெனி வரைபடம் கிளைவழி மரம் ஆகும். ஒரு மூதாதையும் அதன் வழிவந்த எல்லா உயிர்களும் சேர்ந்த கூட்டத்தை அறிவியலில் கிளேடு என்பார்கள். கிரேக்கத்தில் அதற்கும் பொருள் கிளையேதான். "சாயலில் ஹைலா, கிளைவழியில் ராக்கோஃபோரிடே" என்று எழுதிப் பாருங்கள், இடறாமல் வருகிறது.

மாணவிக்குச் சொல் பிடித்துவிட்டது, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். தேர்வில் மட்டும் புத்தகத்தில் உள்ளதையே எழுது, மதிப்பெண் போய்விடும் என்று சொல்லி அனுப்பினேன்.