மஞ்சளுக்குள் காரீயம்: துப்பு துலங்கியது எப்படி?

வங்காளதேசத்தின் மைமன்சிங், டாங்கைல், கிஷோர்கஞ்ச் கிராமங்களில் 430 கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 31 சதவீதம் பேருக்கு 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம், அதாவது லெட், இருந்தது. நகரம் என்றால் பழைய பெயின்ட், பேட்டரி உருக்கும் பட்டறை என்று எதையாவது கைகாட்டலாம். இவை வயல் சூழ்ந்த ஊர்கள். காரீயம் கலந்த பெட்ரோலையும் அந்த நாடு 1999-லேயே நிறுத்திவிட்டது. அப்புறம் இந்தப் பெண்களின் உடம்புக்குள் அது எந்த வழியாகப் போனது?

விளையாட்டான விஷயமில்லை இது. கால்சியம் போகிற இடத்துக்கெல்லாம் காரீயமும் போகும். எலும்பில் பல ஆண்டுகள் பதுங்கியிருக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது இதுவும் கூடவே கிளம்பி, தாயின் ரத்தம் வழியாக வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் போய்ச் சேரும். வளரும் மூளைக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்னா ஃபோர்சைத், ஸ்டீஃபன் லூபி ஆகியோரும் டாக்காவின் ஐசிடிடிஆர்பி ஆய்வு மையத்தினரும் சந்தேகப் பட்டியல் ஒன்று போட்டார்கள். பூச்சிமருந்து, காரீயப் பற்று வைத்த தகர டின்களில் சேமித்த உணவு, கர்ப்பிணிகள் ஆசைப்பட்டுத் தின்னும் சுட்ட களிமண், சமையல் மஞ்சள். ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் காரீயம் அகப்பட்டதுதான் தலைவலி. ஒரு பொருளில் நஞ்சு இருப்பதாலேயே ரத்தத்தில் ஏறியதும் அதே நஞ்சு என்று ஆகிவிடாதே.

காரீயத்தின் பிறவிக் குணம் ஒன்று இங்கே கைகொடுத்தது. அதற்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள், உண்டு: 204, 206, 207, 208. இவற்றில் 204 பூமி பிறந்தபோது இருந்த அதே அளவில்தான் இன்றும் இருக்கிறது. மற்ற மூன்றும் கூடிக்கொண்டே வருகின்றன. யுரேனியம்-238 சிதைந்து காரீயம்-206 ஆகிறது. பாதி சிதைய சுமார் 447 கோடி ஆண்டுகள். யுரேனியம்-235 அவசரக்காரன், சுமார் 70 கோடி ஆண்டுகளில் பாதி சிதைந்து காரீயம்-207 ஆகிவிடும். தோரியத்திலிருந்து வருவது 208.

பாறையிலிருந்து காரீயம் பிரிந்து தாதுவாகப் படிந்த நாளோடு யுரேனியத்துடனான உறவு முறிந்துவிடுகிறது. அன்றைக்கு இருந்த விகிதம் அப்படியே உறைந்துபோகும். ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் தாது சுமார் 170 கோடி ஆண்டுப் பழசு. அதில் 206-க்கும் 207-க்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1.04. அமெரிக்காவின் மிசோரி தாதுவில் அது 1.3-ஐத் தாண்டுகிறது. உருக்கினாலும், பெயின்டாக்கினாலும், குழம்பில் கொதித்து ரத்தத்தில் கலந்தாலும் இந்த விகிதம் அநேகமாக மாறாது. ஐசோடோப்புகளுக்கிடையே எடை வித்தியாசம் சொற்பம் என்பதால் வேதிவினைகள் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு மட்டும் அது தெரியும்: அணுக்களுக்கு மின்னேற்றம் கொடுத்து ஓடவிட்டு, எடைவாரியாகப் பிரித்து எண்ணிவிடும். கிளேர் பாட்டர்சன் 1956-ல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று கணக்கிட்டதும் இதே காரீய ஐசோடோப்புகளை வைத்துத்தான். காரீய பெட்ரோலுக்கு எதிராகப் பிற்பாடு மல்லுக்கட்டிய மனிதரும் அவரே.

கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த விகிதத்தைச் சந்தேகப் பொருள்களின் விகிதங்களோடு வைத்துப் பார்த்தபோது, நன்றாகப் பொருந்தியது மஞ்சள். 2019-ல் முடிவு வெளியானது.

சரி, மஞ்சள் அதை மண்ணிலிருந்து உறிஞ்சியிருக்கலாம் அல்லவா? இதற்கு விடை சொன்னது குரோமியம். பெயின்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் பளீர் மஞ்சள் தரும் நிறமி லெட் குரோமேட். அதில் ஒரு காரீய அணுவுக்கு ஒரு குரோமிய அணு. கலப்பட மஞ்சளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தன. மண் இவ்வளவு கச்சிதமாகக் கணக்குப் பார்த்துக் கொடுக்காது, யாரோ கலந்திருக்கிறார்கள். ஒரு மாதிரியில் கிராமுக்கு 1,152 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. அந்த நாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவு 2.5.

கலந்த இடம் பாலிஷ் ஆலை. ஈரோட்டு மஞ்சளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. வேகவைத்துக் காயவைத்த விரலி மஞ்சள் சொரசொரவென்று மண்நிறத்தில் இருக்கும். அதை டிரம்மில் போட்டுச் சுழற்றினால் மேல்தோல் உரசிப்போய் நிறம் எட்டிப்பார்க்கும். வங்காளதேசத்தில் இந்தச் சுழற்சியின்போதுதான் நிறமித் தூளையும் ஒரு கை அள்ளிப் போட்டார்கள். 1980-களில் ஒரு வெள்ளத்தில் மஞ்சள் சரியாகக் காயாமல் மங்கிப்போனபோது, விலை போவதற்காகத் தொடங்கியது என்று ஆய்வாளர்களிடம் வியாபாரிகள் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளம் வடிந்தது, பழக்கம் தங்கிவிட்டது. பளபளப்புக்குக் கண் பழகிய பிறகு, கலக்காத சரக்கு மட்டம் என்று ஆகிவிடுமே.

ஐசோடோப்பு வேலை அழகுதான். ஆனாலும் எனக்கு அதைவிட ஆச்சரியம் அடுத்து நடந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் சஞ்சிகையில் வெளியாகி அங்கேயே படுத்துவிடும். இங்கே வங்காளதேச உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆய்வாளர்களோடு கைகோத்தது. பத்திரிகைகளில் எச்சரிக்கை, சந்தைகளில் அறிவிப்பு. அதன் பிறகு டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தைக்கு நடமாடும் நீதிமன்றமே வந்து இறங்கியது. கையில் எக்ஸ்ஆர்எஃப் கருவி. துப்பாக்கி வடிவிலான அந்தக் கருவி பொருளின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சும். அது அணுவின் உள்வட்ட எலக்ட்ரான் ஒன்றைத் தட்டிவிடும். வெளிவட்டத்திலிருந்து வேறொன்று அந்தக் காலியிடத்தில் விழும். விழும்போது அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலில் ஒரு கதிர் கிளம்பும். குரோமியம் என்றால் 5.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட், காரீயம் என்றால் 10.5. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, கடை வாசலிலேயே தெரிந்துவிடும். இரண்டு மொத்த வியாபாரிகள் பிடிபட்டார்கள். சுமார் 900 கிலோ மஞ்சள் பறிமுதல், 8 லட்சம் டாக்கா அபராதம்.

2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் தென்பட்டது. 2020-ல் 5 சதவீதம், 2021-ல் பூஜ்யம். ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் காரீயம் சுமார் 30 சதவீதம் குறைந்தது.

எல்லா மாசும் இவ்வளவு சுலபமாகப் போய்விடாது. பேட்டரிக்குக் காரீயம் தேவை, அதை உருக்கிப் பிழைப்பவர்களுக்கு மாற்று வழி காட்ட வேண்டும். மஞ்சளுக்கோ இந்தத் தூளால் நிறத்தைத் தவிர ஒரு பயனும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, தூள் வாங்கும் காசு மிச்சம். சரக்கு சில மொத்தச் சந்தைகள் வழியாகத்தான் ஓடியது என்பதால் காவல் போடவும் முடிந்தது.

மற்ற இடங்களில் கதை முடியவில்லை. 2023-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் காரீயம் அகப்பட்டது. உள்ளே இருந்த பட்டைத் தூளில் லெட் குரோமேட் கலந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. பட்டை போனது இலங்கையிலிருந்து. அரைக்காத பட்டையில் காரீயம் இல்லை. ஈக்வடாரில் அரைத்த இடத்தின் மீதுதான் சந்தேகம் விழுந்தது. 2024-ல் வெளியான இன்னொரு ஆய்வு இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் 23 நகரங்களிலிருந்து 356 மஞ்சள் மாதிரிகளைச் சோதித்தது. 14 சதவீதத்தில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. பாட்னாவில் 1,000-ஐத் தாண்டிய மாதிரியும் உண்டு. வீட்டில் விரலி மஞ்சளைத் தண்ணீரில் போட்டு, உடனே நிறம் இறங்குகிறதா என்று பார்க்கலாம். அப்பட்டமான கலப்படம் என்றால் தெரிந்துவிடும். குறைந்த அளவில் இருந்தால் அதற்குக் கருவிதான் வேண்டும். இந்தியாவில் மஞ்சளுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு கிராமுக்கு 10 மைக்ரோகிராம், வங்காளதேசத்தைப்போல நான்கு மடங்கு.