வகுப்பறையில் ரகசிய வாக்கெடுப்பு

பாரம் ஏற்றிய லாரியும் ஒரு சின்னக் காரும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. லாரி காரின் மீது செலுத்தும் விசை பெரிதா, கார் லாரியின் மீது செலுத்தும் விசை பெரிதா? மேலே படிப்பதற்கு முன் ஒரு விடையை முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டும் சமம். நியூட்டனின் மூன்றாம் விதி அதைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறவர்கள்கூட இந்தக் கேள்விக்கு "லாரிதான்" என்று சொல்லிவிடுவார்கள். நசுங்குவது கார்தானே! விசை சமம்தான், ஆனால் காரின் நிறை குறைவு. அதனால் அதே விசை காரை மிக அதிகமாகத் தூக்கியடிக்கிறது. விசையையும் அதன் விளைவையும் நம் மனம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறது.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூரை உலுக்கியது இந்த மாதிரிக் கேள்விகள்தான். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இப்ராஹிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டெனிஸ் இருவரும் 1985இல் சில ஆய்வுகளை வெளியிட்டிருந்தார்கள். ஒரு பருவம் முழுக்க இயற்பியல் படித்த பிறகும், இயக்கம் பற்றி மாணவர்கள் முன்பே வைத்திருந்த தவறான எண்ணங்கள் பெரிதாக மாறுவதில்லை என்பது அவர்கள் கண்டது. ஹார்வர்டில் இப்படி இருக்காது என்று நினைத்து மஸூர் தன் மாணவர்களுக்கும் அந்தச் சோதனையை வைத்தார். அப்போது ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். அந்த வகுப்பின் நிலைமை முழுவதும் அந்தக் கேள்வியில் தெரிந்துவிட்டது.

1991 முதல் மஸூர் வகுப்பை மாற்றி நடத்தினார். கொஞ்ச நேரம் விளக்கம், பிறகு திரையில் ஒரு கேள்வி. கணக்குப் போட வேண்டிய கேள்வி அல்ல, புரிந்திருந்தால்தான் விடை சொல்ல முடிகிற கேள்வி. ஒவ்வொருவரும் யாரிடமும் பேசாமல் யோசித்து ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்தில் மூன்று பேருக்கும் குறைவாகச் சரியாகச் சொல்லியிருந்தால் பாடத்தை மறுபடி விளக்க வேண்டும். ஏழு பேருக்கு மேல் சரி என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால்தான் விஷயமே இருக்கிறது. வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரைத் தேடிப் பிடித்து, உங்கள் விடையே சரி என்று அவரை நம்பவையுங்கள் என்கிறார் ஆசிரியர். இரண்டு மூன்று நிமிடம் வகுப்பே இரைச்சல். அப்புறம் மறுபடி வாக்கெடுப்பு.

பழைய முறையில் நடந்த 1990ஆம் ஆண்டு வகுப்பு, விசை பற்றிய அடிப்படைச் சோதனையில் தொடக்கத்தில் சராசரியாக 70 சதவீதமும் முடிவில் 78 சதவீதமும் எடுத்தது. அடுத்த ஆண்டு, புதிய முறையில், 71இல் தொடங்கி 85க்கு வந்தது. வேறு மாணவர்கள்தான், ஆனால் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் தொடங்கியவர்கள். ஏற வேண்டிய தூரத்தில் முன்பு கால் பங்கு ஏறினார்கள், இப்போது ஏறக்குறைய பாதி.

கை தூக்கச் சொன்னால் போதாதா? போதாது. முதலில் கை தூக்குவது எப்போதும் நன்றாகப் படிக்கிற நான்கு பேர்தான். மற்றவர்கள் திரும்பிப் பார்த்து, அந்தக் கைகளோடு தங்கள் கையையும் தூக்குவார்கள். ஆசிரியருக்குக் கிடைப்பது அந்த நான்கு பேரின் விடை மட்டும். ரகசியமாக வாக்களிக்கும்போது கடைசி பெஞ்சில் இருப்பவரும் தனக்கென்று ஒரு விடையைச் சொல்லியே ஆக வேண்டும். சொன்ன பிறகு, அது சரியா என்று தெரிந்துகொள்ளும் ஆவல் தானாக வந்துவிடுகிறது.

இங்கே ஒரு சந்தேகம் எழுவது நியாயம். பேசிய பிறகு சரியான விடை கூடுகிறது என்றால், கெட்டிக்காரர் சொன்னதை மற்றவர் அப்படியே ஏற்றுக்கொண்டார் என்றுதானே பொருள்? கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பு ஒன்றில் இதைச் சோதித்து 2009இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். முதல் கேள்விக்குத் தனியாக விடை, பேசிய பிறகு அதே கேள்விக்கு மறுபடி விடை. சரியான விடை எது என்று இன்னும் சொல்லாத நிலையில், அதே கருத்தை வேறு உருவில் கேட்கும் இரண்டாவது கேள்வி. இதற்குத் தனியாகவே விடை தர வேண்டும். சராசரியாகத் தனியாக 52 சதவீதம், பேசிய பிறகு 68, புதிய கேள்வியில் 73. வெறுமனே காப்பியடித்திருந்தால் அந்த மூன்றாவது எண் சரிந்திருக்க வேண்டும். முதலில் தவறாகச் சொல்லி, பேசிய பிறகு சரி செய்துகொண்டவர்களில் 77 சதவீதம் பேர் புதிய கேள்விக்கும் சரியாக விடை சொன்னார்கள். முதலில் யாருக்குமே விடை தெரியாத குழுக்கள்கூடப் பேசிப் பேசிச் சரியான இடத்துக்கு வர முடிகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

சரி, இதில் தொழில்நுட்பத்தின் வேலை என்ன? ரகசியம், எண்ணிக்கை, வேகம். தொடக்கத்தில் மஸூர் வகுப்பில் அட்டைகளைத்தான் தூக்கிக் காட்டினார்கள். அப்புறம் டிவி ரிமோட் போன்ற கிளிக்கர்கள் வந்தன. இன்று அவரவர் போனே போதும். திரையில் தெரியும் குறியீட்டை அடித்து மாணவர் உள்ளே வருகிறார். சாதாரண இணையப் பக்கம் கேட்டால்தான் பதில் தரும், தந்தவுடன் தொடர்பு முடிந்துவிடும். நேரலை வாக்கெடுப்பில் பிரௌசரும் சர்வரும் போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருப்பது போலத் தொடர்பைத் திறந்து வைத்திருக்க முடிகிறது. 2011இல் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட் என்ற நெறிமுறை இதற்கு ஒரு வழி. ஒருவர் விடையைத் தொட்டதும் அது சர்வருக்குப் போகிறது, எண்ணிக்கை கூடுகிறது, ஆசிரியர் பக்கத்தில் உள்ள பட்டை உயர்கிறது.

நம் பள்ளிகளில் பெரும்பாலும் மாணவர் கையில் போன் இருக்காது. அதற்கு நல்ல வழி பிளிக்கர்ஸ் என்ற செயலி. ஒவ்வொருவருக்கும் க்யூ.ஆர். கோடு போன்ற ஒரு தாள் அட்டை. நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒரு முறை நகர்த்துகிறார். ஒவ்வொரு அட்டையின் கறுப்பு உருவமும் வேறு, அதனால் யாருடைய அட்டை என்று தெரிகிறது. எப்படித் திருப்பினாலும் வேறு மாதிரி தெரியும்படி உருவம் அமைந்திருப்பதால் எந்தப் பக்கம் மேலே என்பதும் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவருக்கோ ஒன்றும் புரியாது. அறைக்கு ஒரே ஒரு போன், கொஞ்சம் தாள், அவ்வளவுதான் செலவு.

கருவி விலை கூடினால் கற்றலும் கூடும் என்று நினைக்க வேண்டாம். கிளிக்கர் வைத்திருந்த வகுப்பையும் அட்டை வைத்திருந்த வகுப்பையும் கனடாவில் நத்தானியேல் லாஸ்ரி ஒப்பிட்டு 2008இல் எழுதினார். கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நார்வேயில் பிறந்த கஹூட் போன்ற வினாடி வினா விளையாட்டுகளில் வழக்கமாகச் சீக்கிரம் விடை சொன்னால் மதிப்பெண் அதிகம். வாய்ப்பாடு, தலைநகரங்கள் போன்றவற்றை நினைவுபடுத்திப் பார்க்க அது சரிதான். லாரி, கார் கேள்விக்கு அது சரிப்படாது. அங்கே நின்று யோசிக்கிறவருக்கு மதிப்பெண் குறைகிறது. நேர அழுத்தத்தையும் தரவரிசையையும் அணைத்துவிட்டுத்தான் அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆசிரியரின் உழைப்பு போக வேண்டிய இடம் தவறான விடைத்தேர்வுகள். யாரும் தொடாத விடையை எழுதி வைப்பது வீண். போன ஆண்டு விடைத்தாள்களில் மாணவர்கள் உண்மையாகவே செய்த தவறுகளை எடுத்து விடைகளாக வைத்தால், வாக்கு நன்றாகப் பிரியும், பேச்சும் சூடு பிடிக்கும்.

ஒரு தடையையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. 2019இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், தாங்களே முயன்று விவாதித்துப் படித்த மாணவர்கள் சோதனையில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் அழகான விரிவுரையைக் கேட்டவர்களை விடக் குறைவாகக் கற்றதாகத்தான் அவர்களுக்குத் தோன்றியது. மனம் சிரமப்படுவதை, புரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தச் சிரமம் ஏன் வருகிறது, அது எதற்கு நல்லது என்று பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் பேசிவிடச் சொல்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள்.