'எண்ட் கேப்': இறுதி இடைவெளி அல்ல, முனை இடைவெளி

எஞ்சின் கட்டும் பாடம் தமிழில் வந்தாலே பிஸ்டன் ரிங்கின் 'எண்ட் கேப்' 'இறுதி இடைவெளி' ஆகிவிடுகிறது. இது தவறு.

பிஸ்டன், இடித்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'கேப்' பழைய நார்ஸ் மொழியில் பிளவு. சிக்கல் 'எண்ட்'டில்தான்.

ரிங் என்பது, சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றி உட்காரும், ஓரிடத்தில் வெட்டுண்ட வளையம். அதைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளிச் சாய்வில்லாமல் நிறுத்தினால், வெட்டின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு சந்து நிற்கும். அதுதான் எண்ட் கேப். இங்கே எண்ட் என்றால் முனை. 'இறுதி' காலத்தையும் வரிசையையும் சொல்லும் சொல். வளையத்தில் இறுதி எது?

இலக்கணச் சண்டைக்காகச் சொல்லவில்லை. ரிங்கை அராவ அராவச் சந்து கூடும். கொஞ்சம் அராவி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்து, மறுபடி அராவ வேண்டும். ஆகவே தொடக்க அளவு ஒன்று, இறுதி அளவு ஒன்று என்று உண்மையிலேயே இரண்டு இருக்கின்றன. அப்படியானால் 'தொடக்க இறுதி இடைவெளி' என்று எழுதுவதா? சாதாரண பெட்ரோல் எஞ்சினுக்கு, 'போர்' எனப்படும் சிலிண்டர் உள்துளையின் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பொதுக் கணக்கு, 75 மி.மீ. போருக்கு 0.30 மி.மீ. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஏற்றும் கருவி) இருந்தால் இன்னும் கூடுதல் வேண்டும். சந்து குறைந்தால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டும், போரைக் கீறும், பிஸ்டனையும் உடைக்கும். கூடினால் அழுத்தம் கசியும். இத்தனை நுணுக்கமான அளவுக்குக் குழப்பமான பெயர் ஆகாது.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பட்டறைகளிலும் குளச்சல் படகு எஞ்சின் வேலையிலும் 'ரிங் கேப்' என்றாலே விளங்கும். பேச்சில் அது இருக்கட்டும். எழுத்தில் 'முனை இடைவெளி' போதும். ரிங்குக்கும் அது உட்காரும் பிஸ்டன் காடிக்கும் (பள்ளத்துக்கும்) நடுவே உள்ளது 'பக்க இடைவெளி'. இரண்டும் வேறு என்பதும் பெயரிலேயே தெரியும்.

இதைவிட மோசம், ரிங்கை அரத்தால் அராவுவதை, அதாவது ஆங்கிலத்தின் 'ஃபைல்' என்பதை, 'தாக்கல் செய்தல்' என்று எழுதுவது. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற வேலை இது. அரம் குறளிலேயே (997) இருக்கிற சொல். பட்டறையில் கால் வைக்காதவர் மொழிபெயர்த்தால், அச்சுக்கு முன் ஒரு மெக்கானிக்கிடம் வாசித்துக் காட்டட்டும். ஒரு முனையை மட்டும், வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி அராவ வேண்டும். திருப்பி அராவினால் ரிங்கின் மேல்பூச்சு பெயரும். 'தாக்கல்' என்று படிக்கிற பையனுக்கு இது எப்படிப் புரியும்?