அடித்துப் போட்டாற்போல ஓர் அசதி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று, ரயில்வே கேட்டில் காத்திருந்து, கொருக்குப்பேட்டை வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைக்கிற அம்மாவைக் கேட்டால் "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பார். (கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமே வந்துவிட்டது. உட்கார்ந்தால் முறைக்கிற முதலாளி தனிக்கதை.) ஞாயிறு முழுக்கப் படுத்தாலும் திங்கள் காலை அதே அசதிதான். தூக்கக்கடன், இரும்புச்சத்துக் குறைவு, தலைக்குள் முடியாமல் கிடக்கும் வேலைகள் என்று மூன்று தனித்தனிக் கோளாறுகளுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் அசதி. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

முதலில் தூக்கம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது கூடக்கூடக் கண் சொக்கும், தூங்கினால்தான் குறையும். டீயில் உள்ள காஃபின் அதைக் கரைப்பதில்லை. அடினோசின் போய் ஒட்டவேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அது விலகியதும் சேர்ந்திருந்த தூக்கம் மொத்தமாக அமுக்கும். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கூடுதல். சாயங்காலம் ஆறு மணி டீ, இரவு பதினொன்றுக்கும் பாதி உள்ளே இருக்கிறது. கடைசி டீயை மூன்று மணியோடு நிறுத்துங்கள்.

வடசென்னையில் இன்னொரு சிக்கல் புழுக்கம். நல்ல தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு ஏறக்குறைய 1 டிகிரி இறங்கவேண்டும். அந்தச் சூடு தோல் வழியாகத்தான் வெளியேறும். கடலோர ஈரக்காற்றில் வேர்வை காயாது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளமோ இரவு வெகுநேரம் வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு சாதாரணத் தண்ணீரில் குளிக்கலாம். தண்ணீர் வராத நாளில் கைகால்களை நனைத்துத் துடைக்காமல் ஃபேனடியில் உட்காருங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அது தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சூட்டை வெளியே விடாது. விடிகாலை தண்ணீர் பிடிக்க எழுகிறவர்கள் மதியம் 20 நிமிடம் கண்ணயரலாம். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் எழுந்து தலை கனக்கும்.

ஆனால் எத்தனை தூங்கினாலும் தீராத அசதி என்றால் முதலில் ரத்தத்தைத்தான் சந்தேகிக்கவேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. குடத்தோடு இரண்டாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குவது, கீழ் இமையின் உட்பக்கம் வெளுத்திருப்பது, பச்சரிசியை அள்ளி மெல்லத் தோன்றுவது எல்லாம் அதன் குறிகள். ஹீமோகுளோபினைப் பரிசோதியுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போகக்கூடாது. 12 இருந்தாலும் முழுக்க நம்பாதீர்கள். உடம்பு முதலில் சேமிப்பிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கும். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை.

சாப்பாட்டில் நடக்கும் தவறு, இட்லியோடு டீ. டீயின் துவர்ப்புப் பொருட்கள் கீரை, பருப்பிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலுக்குள் சேரவிடாது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழிந்தால் அதே இரும்பு கூடுதலாகச் சேரும். கறிக்கடையில் சுவரொட்டி கேட்டு வாங்கும் பழக்கம் வெறும் நம்பிக்கை இல்லை. ஆட்டு மண்ணீரலில் இரும்பு மிக அதிகம், உடம்பு எளிதில் ஏற்கும் வகையும்கூட.

இரும்பு மாத்திரையைப் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக்கூடாது. ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, இரும்பு நுழையும் வாசலை ஏறத்தாழ ஒரு நாள் சாத்திவைக்கிறது. அதற்குள் அடுத்ததை விழுங்கினால் குறைவாகத்தான் சேரும், வயிறுதான் கெடும். வயிற்றுவலி தாங்காமல் நான்காம் நாளே நிறுத்துகிறவர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலம் கறுப்பது இயல்பு. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாதீர்கள், சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் ஆகும். மாதவிலக்கில் மணிக்கொரு நாப்கின் மாற்றவேண்டியிருந்தால் அந்த ஓட்டையை அடைக்காமல் மாத்திரை மட்டும் போட்டுப் பயனில்லை.

தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகை வருகிறது என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம். எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

மிச்சம் இருப்பது தலைக்குள் நடக்கும் வேலை. ஒரே நேரத்தில் மனம் பிடித்துவைக்கக்கூடியது சுமார் நான்கு விஷயங்கள்தான். கேஸ் புக்கிங், யூனிஃபார்ம், மாமியாரின் சுகர் மாத்திரை, வேன் ஃபீஸ் என்றதும் நிரம்பிவிட்டது. ஐந்தாவது வரும்போது ஒன்று நழுவும், அதைப் பிடிக்கத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதே களைப்பு. 2018-ல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து ஆராய்ந்தார்கள். படுக்குமுன் 5 நிமிடம் மறுநாள் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறக்குறைய 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்கிற கணவர் வேலையைத்தான் ஏற்கிறார், நினைவில் வைப்பதை ஏற்கவில்லை. வேன் ஃபீஸ் கட்டும் பொறுப்பைக் கொடுத்தால் தேதி, சில்லறை, ரசீதோடு முழுதாகக் கொடுங்கள். முதல் மாதம் கட்டாயம் தவறும். வேன்காரரிடம் முன்பே கணவரின் நம்பரைக் கொடுத்துவைத்தால், திட்டும் போன் கணவருக்கே போகும்.