கருத்த விரலுக்கு ஜெல் தடவாதீர்கள்

சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் கால் பெருவிரல் நுனி கருத்துக் காய்ந்துபோயிருந்தது. வலி இல்லை, நாற்றம் இல்லை. மகன் ஆன்லைனில் ஹைட்ரோஜெல் என்ற தண்ணீர் நிறைந்த ஜெல்லை வாங்கித் தினமும் தடவிக் கட்டியிருக்கிறார். என்னிடம் வந்தபோது விரல் சொதசொதவென்று அழுகி, சிவப்பு பாதம் வரை ஏறியிருந்தது. இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

"சதையே வளருமாம் டாக்டர், வீடியோல சொன்னாங்க" என்றார் மகன். குழாயைத் திருப்பிப் படித்தேன். தண்ணீர், கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், புரோப்பிலீன் கிளைக்கால். மருந்து என்று அதில் எதுவுமே இல்லை.

வீடியோவில் காட்டுவது வேறு சரக்கு. வலைபோல் பின்னிய ஜெல்லுக்குள் மருந்தையோ வளர்ச்சிக் காரணியையோ (செல்களை வளரத் தூண்டும் புரதம்) அடைத்து, ஜெல் கரையக் கரைய அது நாள்கணக்கில் கசியும்படி செய்கிறார்கள். செல்கள் அந்த வலையைப் பிடித்துக்கொண்டு வளரும். நல்ல ஆராய்ச்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களில் பாதிக்கு மேல் எலியின் முதுகு. எலிக்குத் தோலுக்கடியில் உள்ள தசைப்படலம் காயத்தை இழுத்துச் சுருக்கி மூடிவிடும். நம் பாதத்தில் அந்த வசதி கிடையாது.

நிஜமாகவே வளர்ச்சிக் காரணி உள்ள ஜெல் ஒன்று உண்டு, பெயர் பெகாப்ளெர்மின். 1997-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. அதற்கான முக்கியமான ஆய்வில் 20 வாரத்தில் முழுதாக ஆறியது 50 சதவீதம் பேருக்கு. மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் 35 சதவீதம். இரண்டு கூட்டத்துக்கும் செத்த சதையை வெட்டி எடுத்தார்கள், புண்மேல் எடை விழாமல் பார்த்துக்கொண்டார்கள். வெறும் ஜெல்காரர்களுக்கு அந்த 35 எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அனுமதியிலேயே ஒரு நிபந்தனை உண்டு: காலில் போதிய ரத்த ஓட்டம் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். "புண் காயக்கூடாது, ஈரமாக இருந்தால்தான் ஆறும்" என்பது ரத்த ஓட்டம் உள்ள புண்ணுக்குச் சரி. கருத்துக் காய்ந்த விரலுக்கு ரத்தமே வரவில்லை, அதனால்தான் கருத்தது. ரத்தம் வராத இடத்துக்கு வெள்ளையணுவும் வராது, நீங்கள் விழுங்கும் ஆன்டிபயாட்டிக்கும் வராது. காய்ந்து கிடக்கும்வரை கிருமிக்கும் அங்கே பெரிதாக வேலை இல்லை. உடம்பே செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவே கோடு போட்டு ஒதுக்கப் பார்க்கும். அதில் ஜெல் தடவி ஊறவைத்தால் கிருமிக்கு விருந்து. விரலோடு போயிருக்க வேண்டியது காலையே கேட்கும். எவ்வளவு விலை உயர்ந்த ஜெல்லும் அடைத்த ரத்தக்குழாயைத் திறக்காது. அதற்கு ரத்தக்குழாய் நிபுணர் வேண்டும்.

ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் சோதனை எடுத்தாயிற்று, அளவு நார்மல் என்று சீட்டைக் காட்டுவார்கள். சர்க்கரை நோயில் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து, கணுக்கால் அழுத்தம் பொய்யாக நன்றாகக் காட்டும். கால்விரல் அழுத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்து அடங்கிய ஜெல்லோ பஞ்சோ என்றால் ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். எலும்பு வளர்க்கும் புரதத்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து வைக்கும் முறைக்கு 2002-ல் இடுப்புப் பகுதி முதுகெலும்புக்கு எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. அதையே கழுத்தில் வைத்தபோது சிலருக்குக் கழுத்து வீங்கி மூச்சு அடைத்தது. 2008-ல் எச்சரிக்கை விட்டார்கள். எந்த இடத்தில், எவ்வளவு, எந்த வேகத்தில் கசிகிறது என்பதெல்லாம் விளையாட்டில்லை.

சரி, என்ன செய்யலாம்? மரத்துப்போன காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் கார்ன் கேப்பை ஒட்டாதீர்கள், அதில் இருப்பது ஆசிட். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது) போடுங்கள். தினமும் ராத்திரி பாதத்தை யாராவது டார்ச் அடித்துப் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. ஏற்கெனவே புண் இருந்தால் அந்தக் காலை ஊன்றி நடப்பதைக் குறையுங்கள் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். பாதிப் புண் ஆறாமல் இருப்பது அதனால்தான்.

கருத்த விரலில் ஏற்கெனவே ஜெல் தடவியிருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, உலர்ந்த காஸ் துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். நாற்றம், காய்ச்சல், ஏறும் சிவப்பு இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.