கிரிப்பிங்: தமிழில் அடுக்கு முட்டு

விபத்தில் நசுங்கிய காருக்குள் ஒருவர் சிக்கியிருந்தால், ஓடி வருபவர்கள் கதவைப் பிடித்து இழுப்பார்கள். பயிற்சி பெற்ற மீட்புக் குழு, அதற்கு முன்பே வண்டிக்கு அடியில் மரக்கட்டைகளைச் சொருகிவிடும். அந்த வேலைக்கும் கட்டைகளுக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் 'கிரிப்பிங்' (cribbing) என்று பெயர்.

'கிரிப்' என்றால் பழைய ஆங்கிலத்தில் மாட்டுக்குத் தீவனம் போடும் தொட்டி. பழைய தமிழ் பைபிளில் வரும் 'முன்னணை' அதுதான். பிறகு சட்டம் வைத்த குழந்தைக் கட்டிலுக்கும், சுரங்கக் குழி சரியாமலிருக்க அடுக்கும் மரச்சட்டத்துக்கும் அந்தப் பெயர் போனது. மீட்புப் பணியில் புழங்குவது இந்தக் கடைசிப் பொருளை ஒட்டியதுதான்.

நான்கு சக்கரத்தில் நிற்கும் கார்கூட ஸ்பிரிங்கின்மீதும் டயர் காற்றின்மீதும்தான் நிற்கிறது. கைவைத்து அழுத்தினாலே ஆடும். கூரையை வெட்டும்போது அந்த ஆட்டம் உள்ளே இருப்பவரின் கழுத்துக்குப் போகும். தண்டுவடத்தில் அடிபட்டவரை அதுவே முடக்கிவிடலாம். அதனால் படிபோல வெட்டிய கட்டைகளைக் கதவுக்குக் கீழுள்ள விளிம்பில், இரு பக்கமும் முன்னும் பின்னுமாக வைத்து, டயர் காற்றை இறக்குவார்கள். வண்டி கட்டைமேல் உட்கார்ந்துவிடும். தூக்க வேண்டியிருந்தால், இரண்டிரண்டு கட்டையாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிக்கொண்டே போகவேண்டும்: ஓர் அங்குலம் தூக்கினால் ஓர் அங்குலம் கட்டை. கையை அடியில் விடவே கூடாது. இன்னொரு கட்டையால் தள்ள வேண்டும். மென்மரம்தான் நல்லது, பாரம் மீறினால் முனகி நசுங்கி முன்கூட்டியே எச்சரிக்கும். பெயின்ட் அடித்தால் ஈரத்தில் வழுக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நிலைப்படுத்தல்' தவறில்லை. ஆனால் ஹேண்ட்பிரேக் போடுவது, கயிறு கட்டுவது எல்லாம் அதில் அடங்கிவிடும். கட்டை வைப்பதற்கென்றே நம்மிடம் 'முட்டு' இருக்கிறது. சென்ட்ரிங்கில் சவுக்குக் கம்பால் கொடுப்பது முட்டு. தேர்ச் சக்கரத்தில் போட்டுத் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை. பேச்சுவழக்கில் அதற்கு இடைஞ்சல் என்ற பொருள் ஏறிவிட்டதற்காக விட்டுவிடக் கூடாத சொல் அது. செயலுக்கு 'முட்டுக் கொடுத்தல்', அடுக்குக்கு 'அடுக்கு முட்டு', படி வெட்டிய கட்டைக்கு 'படிமுட்டு' என்பேன். பக்கவாட்டில் சாய்ந்த வண்டிக்கு முக்கோணமாக ஊன்றும் தாங்கிக்குச் 'சாய்முட்டு' பொருந்தும். விபத்து நடந்த இடத்தில் "முட்டுக் கொடுத்தாச்சா?" என்று கத்தினால் யாருக்கும் அகராதி தேவைப்படாது.

கொடுத்தாச்சு என்றால் அப்புறம்தான் கதவு. அதையும் வெட்டுவதற்கு முன் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். சில சமயம் அப்படியே திறந்துவிடும்.