போஸ்டர் போடும் முன் காப்பீட்டு கவுன்டருக்கு வாருங்கள்

போன மாதம் ஒரு அப்பா என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் போனைத்தான் நீட்டினார். மூக்கில் குழாயோடு ஒரு வயதுப் பெண் குழந்தை. கீழே சிவப்பு எழுத்தில் 'உயிருக்குப் போராடும் பிஞ்சு', அதற்கும் கீழே ஜிபே எண். "ரெண்டு நாள்ல பதினெட்டாயிரம் வந்திருக்கு மேடம். மூணரை லட்சம் வேணும்." இதயத்தில் ஓட்டை. ஒரு தனியார் மருத்துவமனையின் எஸ்டிமேட் தாள் நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் இருந்தது.

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா?" என்று கேட்டேன். "அது எங்களுக்குக் கிடைக்காதுன்னு சொன்னாங்க." சொன்னது யார்? பக்கத்து வீட்டுக்காரர்.

மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கும் எங்களைப் பலர் 'இன்சூரன்ஸ் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் வருத்தமில்லை, பாதி வேலை அதுதான். ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குழந்தைகளின் இதய ஓட்டை அறுவை சிகிச்சை இதில் வருகிறது. காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கான காக்ளியர் இம்பிளான்ட்டும் (அறுவை சிகிச்சையில் பொருத்தும் செவிக் கருவி) வருகிறது. அரசு மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், அப்புறம் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையம். அலைச்சல்தான், ஆனால் கடன் இல்லாத அலைச்சல்.

பெரும்பாலும் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் தெரியுமா? குழந்தையின் பெயரை ரேஷன் கார்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். இந்த அப்பாவும் அப்படித்தான். இன்னொன்று, பதற்றத்தில் பணம் கட்டி அட்மிஷன் போட்டுவிடுவது. போட்டபிறகு பாதியில் திட்டத்துக்கு மாற்றுவது பெரும்பாடு. அறுவை சிகிச்சைக்கு முன்பே எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை அனுப்பி அப்ரூவல் வாங்க வேண்டும். அதனால் முதல் நாளே அட்டையைக் காட்டிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 104க்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

சரி, பொதுமக்களிடம் கேட்கவே கூடாதா? கேட்கத்தான் வேண்டிய நோய்கள் இருக்கின்றன. முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவுக்கான மரபணு ஊசி சுமார் 16 கோடி ரூபாய். 2021இல் நாமக்கல் மாவட்டக் குழந்தை ஒன்றுக்கு ஊர் ஊராகப் பணம் சேர்ந்ததும், அந்த மருந்துக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் கிடைப்பது அதிகபட்சம் 50 லட்சம். 16 கோடிக்கு முன்னால் அது எங்கே நிற்கும்? அதை விடுங்கள், ஐசியுவில் மாதக்கணக்கில் கிடக்கும் குறைமாதக் குழந்தைக்கே காப்பீட்டுத் தொகை தீர்ந்துபோகும். அப்போது மிலாப், கெட்டோ மாதிரி இணையத்தில் நன்கொடை திரட்டும் தளங்கள் கைகொடுக்கும். ஆனால் அங்கேயும் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த சித்தப்பா ஒருவர் இருக்கும் குடும்பத்துக்கே பணம் சீக்கிரம் சேருகிறது. கல் குவாரியில் வேலை பார்க்கும் அம்மா அங்கே போட்ட வேண்டுகோள் இரண்டாயிரம் ரூபாயிலேயே நின்றுவிடும். பல வருடங்களாகப் பார்க்கிறேன், இதில் எனக்குக் கோபம் உண்டு.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டையில்லாமல், குழாயோடு, முழுப்பெயரோடு ஒரு குழந்தையின் படத்தை வாட்ஸாப்பில் விட்டால் திரும்ப வாங்க முடியாது. சிகிச்சை முடிந்து பள்ளிக்கூடம் போகும் ஒரு பையனின் போஸ்டர் இன்னமும் சுற்றுகிறது. இதில் கொடுமை, யாரோ அவன் அப்பாவின் க்யூஆர் கோடை எடுத்துவிட்டுத் தன்னுடையதை ஒட்டியிருந்தான். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுக்கச் சொன்னோம். போட்டே தீர வேண்டுமென்றால் தேதி போடுங்கள், சிரித்த முகமாக ஒரு பழைய படம் போடுங்கள், பணம் மருத்துவமனைக் கணக்குக்குப் போகட்டும்.

கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போஸ்டரில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், அதை எடுப்பவர் ஆமாம் என்றுதான் சொல்வார். மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டு, உள்நோயாளி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். முழு விவரம் தர மாட்டார்கள். அப்படி ஒரு நோயாளி இருக்கிறாரா, எந்தக் கணக்கில் கட்டலாம் என்பதையாவது சொல்ல வாய்ப்புண்டு.

அந்த அப்பாவுக்குப் பத்து நாளில் அட்டை வந்துவிட்டது, அப்ரூவலும் கிடைத்தது. போஸ்டரை எடுத்துவிட்டார். வந்த பதினெட்டாயிரத்தை என்ன செய்வது என்று கேட்டார். சிகிச்சைக்குத்தான் திட்டம் பணம் கட்டும். ஐசியு வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் சாப்பாடு, லாட்ஜ் வாடகை, பஸ் செலவு, மூன்று வாரக் கூலி இழப்பு இதற்கெல்லாம் எந்த அட்டையும் இல்லை. கொடுத்தவர்களுக்கு அப்படியே எழுதிப் போடுங்கள் என்றேன். போட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டவர் ஒருவர் மட்டும்தான், ஐந்நூறு ரூபாய்.